வண்டிகள் குறைந்த கால் மணி நேரம்

2007-ஆம் ஆண்டு, சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, வாகனக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்று ஓர் ஆலோசனை நிறுவனம் எங்கள் வகுப்பிலிருந்து எட்டுப் பேரை அழைத்துக்கொண்டது. எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் சென்னை வேளச்சேரி விஜயநகர் சந்திப்புக்குச் சற்று முன்னால், தரமணி இணைப்புச் சாலையின் ஓரம். இன்று அந்தச் சந்திப்பின் தலைக்கு மேல் இரண்டு அடுக்கு மேம்பாலம் நிற்கிறது. அன்று வெயிலும் புழுதியும்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் மாட்டிய படிவம், சட்டைப் பையில் இரண்டு பேனா, இவைதாம் எங்கள் கருவிகள்.

படிவத்தில் குறுக்கே வண்டி வகைகள் இருக்கும்: இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், வேன், பேருந்து, லாரி, சைக்கிள், கைவண்டி. நெடுக்கே கால் மணி நேரக் கட்டங்கள். எதிரே நிற்கும் மின்கம்பத்தை ஒரு வண்டி கடந்தால் ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு சேர்ந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முதல் நாளே எங்களுக்குள் விவாதம் எழுந்தது. ஆட்டோவில் போட்டுவிடுங்கள் என்றார் மேற்பார்வையாளர்.

காலை 8 மணியிலிருந்து கோடுகள் மளமளவென்று நிறைந்தன. 9 மணிக்கு மேல் சந்திப்பில் ஏதோ அடைத்துக்கொண்டது. வரிசை பின்னோக்கி நீண்டு வந்து, என் மின்கம்பத்தைத் தாண்டி, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போய்விட்டது. 9.15-லிருந்து 9.30 வரை சாலையில் எள் போட இடமில்லை. ஆனால் என் படிவத்தில் அதிகம் கோடு விழவில்லை, ஏனென்றால் மின்கம்பத்தைக் கடப்பதுதான் கணக்கு, நிற்பது கணக்கில்லை. எனக்கு நேர் எதிரே நின்ற பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி மடியில் மல்லிகையைப் பரப்பி வைத்துத் தொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் தொடுத்து முடித்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்ததைத் தொடங்கினார். பேருந்து அங்கேயே நின்றது.

மதியம் படிவங்களை வாங்க வந்த மேற்பார்வையாளர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். அதற்கு முந்தைய கட்டங்களில் இருந்ததில் பாதிகூட அதில் இல்லை.

“தம்பி, இந்தக் கால் மணி நேரம் எங்கே போயிருந்தீங்க? டீ குடிக்கவா?”

“இல்லைங்க சார், இங்கேதான் இருந்தேன். ஒரே ஜாம்.”

“பீக் அவர்ல வண்டி குறையுமா? ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது? மேலே இருக்கிற கட்டத்தைப் பார்த்து ஒரு கணக்கா நிரப்பிடுங்க.”

நான் நிரப்பிவிட்டேன். அன்றைய சம்பளம் பிடிபட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். உண்மையிலேயே நான்தான் கவனப் பிசகாக விட்டுவிட்டேனோ என்ற ஐயம் மறுபக்கம். அந்தச் சாலையில் அன்று நெரிசல் இருந்தது என்பதற்குக் காகிதத்தில் எஞ்சியிருந்த ஒரே தடயத்தை நெரிசல் அளக்க வந்த நானே என் கையால் அழித்தேன் என்பது எனக்குப் புரிய மேலும் நான்கு மாதங்கள் ஆயின.

அடுத்த பருவத்தில் போக்குவரத்துப் பொறியியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கவிழ்த்த கிண்ணத்தை வரைந்தார். படுக்கையில் அடர்த்தி, அதாவது ஒரு கிலோமீட்டர் நீளத்தில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பது. செங்குத்தில் ஓட்டம், அதாவது ஒரு மணி நேரத்தில் ஓர் இடத்தை எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்பது. ஓட்டம் என்பது அடர்த்தியை வேகத்தால் பெருக்கி வருவது. வண்டிகள் கூடக் கூட ஓட்டம் ஏறும்; ஓர் உச்சத்தைத் தொட்டதும், அதற்கு மேல் வண்டிகள் சேரச் சேர ஓட்டம் இறங்கும்; கடைசியில் வண்டியோடு வண்டி முட்டி நிற்கும்போது ஓட்டம் பூஜ்யம். 1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்பவர் சாலையோரம் கேமராவை நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்து, வண்டிகளுக்கு இடையிலான தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக் கண்டறிந்த உறவு இது. அடர்த்தி கூடினால் வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்று 1935-இல் அவர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் கோட்டை வளைத்தார்கள், உடைத்தார்கள். கிண்ணம் மட்டும் கவிழ்ந்தபடியே இன்றுவரை இருக்கிறது.

பேராசிரியர் கிண்ணத்தின் குறுக்கே ஒரு கிடைக்கோட்டை இழுத்தார். அது கிண்ணத்தை இரண்டு இடங்களில் வெட்டியது. கிலோமீட்டருக்கு 20 வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் 1,200 வண்டிகள் கடக்கும். கிலோமீட்டருக்கு 120 வண்டிகள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தாலும் கடப்பது அதே 1,200 வண்டிகள்தாம். சாலையோரம் உட்கார்ந்து எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒரே எண். ஒன்றில் சாலை காலியாகக் கிடக்கிறது, மற்றொன்றில் திணறிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் அந்த இடத்தில்தான் எனக்கு வேளச்சேரியும் பாதியாகக் குறைந்த அந்தக் கட்டமும் நினைவுக்கு வந்தன.

நெரிசலை அளப்பது குறித்து நான் கற்ற முதல் பாடம் இதுதான்: வண்டிகளை எண்ணினால் நெரிசல் தெரியாது. சாலை எவ்வளவை வெளியேற்றியது என்பதுதான் தெரியும். எவ்வளவு பேர் போக விரும்பினார்கள் என்பது எண்ணுகிறவனுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையின் வாலைத் தேடிப் போய்ப் பார்க்காமல் ‘இந்தச் சாலையின் தேவை இவ்வளவு’ என்று எழுதும் எந்த அறிக்கையும் தேவையை எழுதவில்லை, கொள்ளளவைத்தான் எழுதுகிறது. ஒரு குடத்தின் வாய் வழியாக எவ்வளவு தண்ணீர் வெளியே கொட்டுகிறது என்பதை வைத்துக் குடத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையில் இருந்துகொண்டு, இன்றும் இந்தப் பிழையை அறிக்கைகளில் பார்க்கிறேன்.

சரி, எண்ணிக்கை போதாது என்றால் நெரிசல் என்று எதைச் சொல்வது? பொறியாளர்கள் முதலில் பிடித்துக்கொண்ட கொம்பு கொள்ளளவு. சாலையின் கொள்ளளவை ஒழுங்காகக் கணக்கிட்டு, வரும் வண்டிகளை அதனால் வகுத்தால், விகிதம் ஒன்றை நெருங்க நெருங்க நெரிசல். அமெரிக்காவில் 1950-இல் வெளிவந்த நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு இதற்கு அடித்தளம் போட்டது. 1965-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, ஏ முதல் எஃப் வரை ஆறு சேவைத் தரங்களை அறிமுகப்படுத்தியது. பள்ளிக்கூட மதிப்பெண் போல எளிதாக இருந்ததால் உலகம் முழுவதும் பரவிவிட்டது. நம் நாட்டில் சாலைத் தரநூல்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990-இல் வெளியிட்ட 106-ஆம் எண் வழிகாட்டுநூல், நகரச் சாலைகளைச் சி தரத்தில், அதாவது உச்சக் கொள்ளளவில் சுமார் 70 விழுக்காட்டில் இயங்குமாறு திட்டமிடச் சொல்கிறது.

இங்கே நம் சாலைக்கே உரிய ஒரு சிக்கல் முளைக்கிறது. எதை ஒன்று என்று எண்ணுவது? கார் ஒன்று என்றால் ஸ்கூட்டர் எத்தனை, பேருந்து எத்தனை? இதற்காகத்தான் பிசியு (பாசஞ்சர் கார் யூனிட்) என்று நாங்கள் அன்றாடம் சொல்லும், எல்லா வண்டிகளையும் கார்க் கணக்குக்கு மாற்றும் அலகு இருக்கிறது. அதே வழிகாட்டுநூலின்படி கார் 1. இருசக்கர வாகனம், மொத்தப் போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து, 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 அல்லது 2. பேருந்தும் லாரியும் 2.2 அல்லது 3.7. அந்த மீன்பாடி வண்டியை ஆட்டோவில் போடச் சொன்னவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அந்த ஒரு சொல்லில் அது ஒரு காரைவிடப் பெரிய வண்டியாகிவிட்டது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-இல் தொகுத்த இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு இந்த மதிப்புகளை நம் நாட்டுச் சாலைகளிலேயே அளந்து புதுப்பித்தது. அது பெரிய உழைப்பு, பாராட்டுக்குரியது. இருந்தாலும் ஸ்கூட்டரின் இயல்பு எந்த ஒற்றை எண்ணுக்கும் அடங்காது என்பதைச் சாலையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஒரு சிக்னலின் நிறுத்தக்கோட்டருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிவப்பு விழுந்ததும் கார்கள் வந்த வரிசையில் நிற்கும். இருசக்கர வாகனங்கள் அவற்றின் இடுக்குகளில் நுழைந்து, பக்கவாட்டுக் கண்ணாடிகளை உரசாமல் கைப்பிடியை ஒடித்துத் திருப்பி, கோட்டுக்கு முன்னால் வந்து ஒரு கொத்தாகச் சேரும். பச்சை விழும் முன்பே, எதிர்ப்பக்கத்துச் சிவப்பைப் பார்த்து அவை புறப்பட்டுவிடும். பாடநூலின்படி பச்சை விழுந்த முதல் இரண்டு மூன்று நொடிகள் வீண். நம் ஊரில் அந்த நொடிகளில்தான் சாலை மிக வேகமாக வண்டிகளை வெளியேற்றுகிறது. சாலையின் அகலத்தை மீட்டரில் அளந்து 525-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரப் பச்சைக்கு எத்தனை பிசியு வெளியேறும் என்று தெரியும் என்பது, பிரிட்டனில் வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் வகுத்து நம் தரநூல்களும் எடுத்துக்கொண்ட சூத்திரம். 7 மீட்டர் சாலைக்கு 3,675. 120 நொடிச் சுழற்சியில் 40 நொடி பச்சை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,225. காகிதத்தில் இது சரி. ஆனால் நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றினால் 7 மீட்டர் எத்தனை மீட்டர் ஆகும்? கொள்ளளவு என்பது தாரில் எழுதி வைத்த எண் இல்லை. காலை 10 மணிக்கு இளநீர் வண்டி வந்து நின்றால் அது மாறும். மழை பெய்து ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் மறுபடியும் மாறும்.

ஆகவே உலகம் மெல்ல மெல்லக் கொள்ளளவிலிருந்து நேரத்துக்கு நகர்ந்தது. பயணிக்கு வேண்டியதும் அதுதான். போக வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாக ஆனது என்பதே நெரிசல். கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இந்த வரையறைக்குள், ‘போக வேண்டிய நேரம்’ என்ற மூன்று சொற்களில், மொத்தச் சண்டையும் ஒளிந்திருக்கிறது. எந்த நேரத்தோடு ஒப்பிடுவது? நள்ளிரவில் காலிச் சாலையில் ஆகும் நேரத்தோடா, சட்டப்படியான வேக வரம்போடா, அந்த ஊர் மக்கள் நியாயம் என்று ஏற்றுக்கொள்ளும் நேரத்தோடா?

இந்தத் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2003 பிப்ரவரி 17 அன்று மத்திய லண்டனுக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது. கட்டணத்தின் பயனை அளக்க, நெரிசல் என்றால் என்ன என்று அவர்கள் முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. நள்ளிரவுக்குப் பிந்தைய காலி நேரத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1.9 நிமிடம், கட்டணத்துக்கு முந்தைய 2002-இல் பகலில் சுமார் 4.2 நிமிடம், இடையிலுள்ள 2.3 நிமிடமே நெரிசல் என்று வைத்துக்கொண்டார்கள். கட்டணம் வந்த பின் அது 1.6 நிமிடமாகக் குறைந்தது. 30 விழுக்காடு வீழ்ச்சி, பெரிய வெற்றி. பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 2007-இல் மறுபடியும் 2.3-க்கே வந்து நின்றது. திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் உள்ளே நுழையும் வண்டிகள் 2002-இல் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. அந்த ஆண்டுகளில் நீர்க்குழாய்களுக்கும் பிற பணிகளுக்குமாகச் சாலைகள் தோண்டப்பட்டன. பேருந்துகளுக்கும் நடப்பவர்களுக்கும் சாலையின் இடமும் சிக்னல் நேரமும் கூடுதலாகத் தரப்பட்டன. வயதான ஒருவர் பதற்றமில்லாமல் சாலையைக் கடப்பதற்காகச் சிக்னலில் சேர்த்த நொடிகளும், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமும், அளவுகோலில் ஒரே ‘நெரிசலாக’ விழுந்தன. அளவுகோல் பொய் சொல்லவில்லை. அது கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும் நகரப் பட்டியல்களும் இப்படித்தான். வழிகாட்டி வரைபடங்கள் தயாரிக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பட்டியலில் 71 விழுக்காட்டுடன் பெங்களூரு உலகின் முதலிடத்தில் இருந்தது. காலிச் சாலையில் 30 நிமிடம் ஆகும் பயணம் சராசரியாக 51 நிமிடம் ஆகிறது என்பது அதன் பொருள். பிறகு அதே நிறுவனம், நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க ஆகும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியது. 2022-ஆம் ஆண்டுக்கு லண்டன் 36 நிமிடம் 20 நொடியுடன் முதலிடம், பெங்களூரு 29 நிமிடம் 10 நொடியுடன் இரண்டாமிடம். லண்டனின் மையத்தில் ஏராளமான தெருக்களில் வேக வரம்பே மணிக்கு 20 மைல்தான். வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஓர் ஊரும், மெதுவாகிப்போன ஓர் ஊரும் அந்தப் பட்டியலில் அருகருகே நிற்கின்றன. அளவுகோலை மாற்றினால் முதலிடமும் மாறிவிடும் என்றிருக்கும்போது, ‘உலகிலேயே மோசமான நெரிசல்’ என்ற தலைப்பை நான் எந்த ஆண்டும் நம்புவதில்லை.

மெதுவான ஊர் வேறு, நெரிசலான ஊர் வேறு. அக்பர், கூட்யூர், டுரான்டன், ஸ்டோரிகார்டு என்ற நான்கு பொருளியலாளர்கள் 154 இந்திய நகரங்களில் கூகுள் மேப்ஸ் காட்டும் பயண நேரங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, நகரங்களுக்கு இடையிலான வேக வேறுபாட்டில் பெரும்பங்கு நெரிசலால் வருவதில்லை, நெரிசலே இல்லாத வேளையிலும் அந்த ஊர்ச் சாலைகள் மெதுவாக இருப்பதால்தான் வருகிறது என்று கண்டார்கள். பின்னர் அவர்களே 152 நாடுகளில் 1,200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு ஆய்வை விரித்தபோது, உலகிலேயே மெதுவான நகரம் டாக்கா என்றும் நெரிசல் மிகுந்த நகரம் பொகோட்டா என்றும் இரண்டும் வெவ்வேறாக வந்தன. குறுகலான, வளைந்து நெளிந்த, நடைபாதையில்லாத, ஓரமெல்லாம் வண்டி நிறுத்திய சாலை விடியற்காலை 5 மணிக்கும் மெதுவாகத்தான் இருக்கும். அந்த ஊருக்கு நெரிசல் விகிதம் போட்டால் நல்ல எண்ணே வரும், ஏனென்றால் ஒப்பிடும் அடிப்படையே தாழ்ந்து கிடக்கிறது.

காலிச் சாலையை அடிப்படையாகக் கொள்வதில் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. கிரீன்ஷீல்ட்ஸின் நேர்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டால், சாலை மிக அதிக வண்டிகளைக் கடத்துவது காலிச் சாலை வேகத்தில் சரிபாதியில் போகும்போதுதான். நிஜச் சாலைகளில் அந்தப் புள்ளி சற்று முன்பின்னாக அமையும். ஆனால் செய்தி மாறாது. சாலை தன் கடமையை முழுமையாகச் செய்யும் அதே கணத்தில், காலிச் சாலையோடு ஒப்பிடும் குறியீடு அதற்கு 100 விழுக்காடு நெரிசல் என்று முத்திரை குத்துகிறது. நள்ளிரவு வேகத்தைக் காலை 9 மணிக்கும் தருவதாக ஒரு நகரம் சபதம் எடுத்தால், அத்தனை அகலச் சாலைக்கு இடம் விட்டு, குடியிருக்க இடமின்றித்தான் அந்த நகரம் நிற்க வேண்டும்.

சிங்கப்பூர் இதை வேறு விதமாகப் பார்த்தது, அந்தப் பார்வை எனக்குப் பிடித்தமானது. 1975-லேயே நகர மையத்தில் நுழைவுக் கட்டணம் வைத்த ஊர் அது. 1998-இல் மின்னியல் சாலைக் கட்டண முறைக்கு மாறியது. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், பெருஞ்சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் என்று ஓர் இலக்கு வேக வீச்சை வைத்துக்கொண்டார்கள். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும்; மேலே போனால் இறங்கும். மேலே போனால் இறங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டிகள் வேகமாகப் பறந்தால் சாலை போதுமான அளவு பயன்படவில்லை என்பது அங்கே குறையாகவே கருதப்படுகிறது. 2008-இல் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, 100 ஓட்டுநர்களில் 85 பேருக்காவது அந்த வேகம் கிடைக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அளக்கும் கருவிகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆவல் இல்லை. ஸ்டாப்வாட்சுடன் காரில் ஏறி, நம்மை முந்தியவர்களையும் நாம் முந்தியவர்களையும் எதிரே வந்தவர்களையும் எண்ணிக் கணக்குப் போடும் முறையை வார்ட்ராப், சார்ல்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் 1954-இல் வகுத்தார்கள். நானும் அப்படிச் சென்னை ராஜீவ் காந்தி சாலையில் பல நாள் காரில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று அந்த வேலையைக் கைப்பேசிகள் செய்கின்றன. 2020-இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் 99 கைப்பேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துச் சென்றார். காலியான தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பாக மாறியது. கைப்பேசி வண்டியைத்தான் காண்கிறது, அதையும் ஊகித்துத்தான் காண்கிறது. சராசரி எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்: போகும்போது 60, திரும்பும்போது 20 என்றால் சராசரி வேகம் 40 அல்ல, 30. மெதுவான பாதி, நேரத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிடுகிறது. இந்தக் கணக்கில் தவறும் அறிக்கைகள் எப்போதும் சாலையை உள்ளதைவிட நல்லதாகவே காட்டும்.

யாருடைய நேரத்தை அளக்கிறோம் என்பதுதான் எனக்கு இன்றும் தூக்கம் கெடுக்கும் கேள்வி. பேருந்து 2.2 பிசியு என்றே வைத்துக்கொள்வோம். அதில் 60 பேர் இருந்தால், ஒரு பிசியு இடத்துக்கு 27 பேர். பக்கத்தில் நிற்கும் காரில் இருவர் இருந்தால், ஒரு பிசியு இடத்துக்கு இருவர். வண்டிக்கு ஒன்று என்று தாமதத்தைக் கூட்டினால் பேருந்தின் ஐந்து நிமிடமும் காரின் ஐந்து நிமிடமும் சமம். ஆளுக்கு ஒன்று என்று கூட்டினால் பேருந்தில் 300 நிமிடம் போயிருக்கிறது, காரில் 10 நிமிடம். நம்முடைய மேம்பாலங்கள் பெரும்பாலும் முதல் கணக்கின்படி நியாயப்படுத்தப்பட்டவை. அந்தச் சந்திப்பைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரி இரண்டு கணக்கிலும் இல்லை. படிவத்தில் அவருக்குக் கட்டமே கிடையாது. மாலையில் வெளியே போனால் திரும்ப முடியாது என்று கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்ட என் பெரியம்மாவுக்கும் இல்லை. அவர் சாலைக்கு வராததால், சாலையில் நெரிசல் ஓர் ஆள் அளவுக்குக் குறைந்ததாகவே பதிவாகும்.

எங்கள் அலுவலகம் மயிலாப்பூரில் இருக்கிறது. அங்கே துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறார். நகரத்தின் உள்ளே இருந்த குடும்பம், ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேருந்து ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ தூண்களுக்காகத் தடுப்பு வைத்த இடங்களையும், டைடல் பூங்காவையும், மத்திய கைலாஷையும் தாண்டி வர வேண்டும். வேலை 9 மணிக்கு. பல நாள் அவர் 8 மணிக்கெல்லாம் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் அக்கா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், பத்து நிமிடம் தாமதித்தால் ஒப்பந்தக்காரர் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார் என்றார்.

அவருடைய பயணத்தைச் சராசரியால் அளந்தால் ஒன்றும் தெரியாது. சராசரி நாளில் அவர் சீக்கிரம் வந்துவிடுகிறார். அவரிடமிருந்து நேரத்தைப் பறிப்பது, இன்றைக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாமை. இருபது பயணங்களில் பத்தொன்பதுக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஓர் அளவு துறையில் இருக்கிறது. 95-ஆவது சதமானம் என்று சொல்வோம். ஒரு சாலையின் சராசரி தாமதம் பெரிதாகக் குறையாமலே அந்த அளவு குறையக்கூடும்: பழுதாகி நின்ற லாரியை விரைவாக அகற்றினால், பேருந்துக்கு ஒரு தனித்தடம் கொடுத்தால், தோண்டிய பள்ளத்தைச் சொன்ன நாளில் மூடினால். என்னைக் கேட்டால், சென்னையின் நெரிசலுக்கு ஒரே ஓர் எண்தான் போட அனுமதி என்றால், பேருந்துப் பயணிகளுக்கு அந்த எண்ணைத்தான் போடுவேன்.

சென்ற ஆண்டு அவரிடம் ஒரு தினசரி நாள்காட்டியைக் கொடுத்து, நிறுத்தத்துக்கு வந்த நேரத்தையும் மயிலாப்பூரில் இறங்கிய நேரத்தையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஒரு நாள் விடாமல் எழுதினார். 22 வேலை நாள் ஆனதும் இருவரும் மேசையில் தாள்களைப் பரப்பினோம். மிகக் குறைந்த நாளில் 55 நிமிடம். ஒரே ஒரு மழை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாள்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, பெரிய முனையிலிருந்து இரண்டாவதை எடுத்து, “அக்கா, நீங்க ஒண்ணே முக்கால் மணி நேரம் ஒதுக்கினாத்தான் சரியா இருக்கும்” என்றேன்.

“அதான் சார் நான் ஏழேகாலுக்கு முன்னாடியே ஸ்டாப்புல நிக்கிறேன்” என்றார் அவர், தாள்களைத் திரும்பத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டே.